அழித்த கோப்பு உண்மையில் அழிந்துவிட்டதா? – கணினிக் கேள்வி பதில்

அழித்த கோப்புகள், நீக்கிய பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் ஆகியவற்றைப் பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கேள்விகள் வந்தவண்ணம் இருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே இடம் கொடுத்திருக்கிறோம். பதில்கள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: சேலம் கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் ஆகியவற்றுக்காகச் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ் என்று நாள் முழுவதும் ஸ்கேன் செய்கிறேன். இரவு கடையைச் சாத்தும் முன் எல்லாவற்றையும் டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுவேன். அண்மையில் சர்வீஸுக்கு வந்த தம்பி ரெக்கவரி மென்பொருள் ஒன்றை ஓட்டிக் காட்டியபோது, எப்போதோ அழித்த ஆதார் அட்டைகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. இவற்றை நிரந்தரமாக அழிக்க முடியுமா?
– கடை உரிமையாளர், சேலம்

பதில்: முடியும். ஆனால் உங்கள் கணினியில் இருப்பது எந்த வகை வட்டு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். ஏனென்றால் பழைய ஹார்டு டிஸ்க்குக்குச் சரியாக இருக்கும் வழி, புதிய எஸ்எஸ்டி வட்டுக்குச் சரிப்படாது. ஸ்டார்ட் மெனுவில் 'டிஃப்ராக்மென்ட்' என்று தேடித் திறந்தால் வரும் பட்டியலில், ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே அது ஹார்டு டிஸ்க்கா, சாலிட் ஸ்டேட் டிரைவா (அதுதான் எஸ்எஸ்டி) என்று எழுதியிருக்கும்.

எந்தக் கோப்பு வட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு விண்டோஸ் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டுகளில் அதற்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், ஷிஃப்ட் விசையோடு டெலிட்டை அழுத்தினாலும், அந்தப் பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்ற குறிப்பு மட்டுமே ஏறுகிறது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பேரேட்டின் ஒரு வரியை அடித்துவிட்டால் கிடங்கிலிருக்கும் மூட்டை தானாக வெளியே போய்விடுமா? அதே இடத்தில் வேறொரு கோப்பு வந்து எழுதப்படும் வரை ஸ்கேன் செய்த படம் அங்கேயே கிடக்கும். பென் டிரைவ்களில் பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னே கிடையாது; ஃபேட்32 முறையில் அமைந்தவற்றில், அழித்த கோப்பின் பெயருக்குரிய முதல் எழுத்தின் இடத்தில் ஒரு குறியை எழுதி, அது பிடித்திருந்த இடத்தை விடுவிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. மீட்பு மென்பொருள் காட்டும் பட்டியலில் முதல் எழுத்து இல்லாத பெயர்கள் வருவது இதனால்தான்.

உங்களுடையது ஹார்டு டிஸ்க் என்றால் வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குள்ளேயே 'சைஃபர்' என்ற கட்டளை இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் சைஃபர் (cipher) என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, அதை அடுத்து டிரைவின் எழுத்து, மறுபடியும் ஒரு முக்காற்புள்ளி என்று சேர்த்து எண்டர் தட்டுங்கள். இருக்கும் கோப்புகளை அது தொடாது. காலி என்று குறிக்கப்பட்ட இடம் முழுவதையும் முதலில் பூஜ்யங்களால் நிரப்பும், அடுத்து ஒன்றுகளால் நிரப்பும், மூன்றாவது சுற்றில் தாறுமாறான எண்களால் நிரப்பும். காலி இடம் அதிகமாக இருந்தால் பல மணி நேரம் ஆகும் என்பதால், கடையை அடைக்கும்போது ஓட விட்டுவிட்டுப் போவது நல்லது. நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை இது இல்லை. வாரம் ஒருமுறை செய்தாலே போதும். தனித்தனிக் கோப்புகளை உடனடியாக மேலெழுதி அழிக்க, மைக்ரோசாப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் 'எஸ்டெலிட்' என்ற இலவசக் கருவி உண்டு.

எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. அதன் நினைவகச் சில்லுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் எழுதுவதை வேறு வேறு இடங்களுக்குப் பகிர்ந்து அனுப்புகிறது. நீங்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நினைப்பது, உண்மையில் வேறோர் இடத்தில்தான் போய் எழுதப்படுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் எஸ்எஸ்டி வட்டுகளைப் பிரித்து, சில்லுகளை நேரடியாகப் படித்துப் பார்த்து, ஒரு தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் வழிகளில் எதுவும் எஸ்எஸ்டியில் நம்பகமாக வேலை செய்யவில்லை என்று காட்டினார்கள். ஆகவே எஸ்எஸ்டியில் சைஃபரையும் எஸ்டெலிட்டையும் ஓட்டுவது வட்டின் ஆயுளைக் குறைக்குமே தவிர, உத்தரவாதம் எதையும் தராது. மறுபுறம், விண்டோஸ் 7 முதல் இயல்பாகவே இயங்கும் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு, அழித்த கோப்பின் இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. வட்டும் அந்த இடத்தைத் தன் வசதிப்படி துடைத்துவிடுகிறது. அதனால் எஸ்எஸ்டியில் சாதாரண மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. அதற்கும் மேலான பாதுகாப்பு வேண்டுமென்றால், வட்டையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர்தான் சரியான வழி. அதைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும், உங்களைப் போன்ற கடைகளில் நான் அதிகம் கவலைப்படுவது, அழிக்க நினைவே வராத நகல்களைப் பற்றித்தான். டெஸ்க்டாப்பில் இருப்பதை அழிப்பவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதில்லை. ஸ்கேனர் மென்பொருள் டாக்குமென்ட்ஸுக்குள் தனியாக ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டு அதில் இன்னொரு நகலைச் சேமித்திருக்கும். பிரிண்டரின் அமைப்புகளில் 'அச்சிட்டவற்றை வைத்திரு' என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால், அச்சிட்ட ஒவ்வொன்றும் அச்சு வரிசையிலேயே தங்கிவிடும். மைக்ரோசாப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் அழித்தது இணையத்திலுள்ள அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளேயே ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. இயந்திரத்தை மாற்றும்போது அதைத் துடைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தன் ஆதாரை உங்களிடம் நீட்டுகிற பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. உங்களை நம்பித்தான் நீட்டுகிறார். ஸ்கேன் செய்பவை அனைத்தும் ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போகுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் மெயிலைத் திறக்க வேண்டியிருந்தால் குரோமில் 'கெஸ்ட்' முறையில் திறங்கள். சாளரத்தை மூடியதும் கடவுச்சொல்லும் வரலாறும் தங்காது. ஆனால் அந்த முறையில் பதிவிறக்கிய கோப்பு மட்டும் கணினியிலேயே நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் பழைய கணினிகளை விற்றுவிடச் சொல்லிவிட்டார்கள். ஆட்களின் கூலிப் பதிவு, பி.எஃப். விவரம், வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஃபார்மட் செய்து கொடுத்தால் போதுமா? 35 முறை மேலெழுத வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், ஏற்காடு

பதில்: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு உங்களைப் போலப் பல அலுவலகங்கள் பழைய கணினிகளைக் கைமாற்றி வருவதால், இந்தக் கேள்வி பலருக்கும் பயன்படும்.

35 முறை என்ற கணக்கு, பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்தில் புழக்கத்திலிருந்த பல வகை வட்டுகளுக்கும் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. இன்றைய வட்டுகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஹார்டு டிஸ்க் போன்ற காந்த வட்டுகளுக்குப் பொதுவாக ஒருமுறை மேலெழுதினாலே போதும் என்கிறது. ஆகவே முப்பத்தைந்து சுற்றுக்காக மின்சாரத்தையும் நாட்களையும் செலவழிக்க வேண்டாம்.

ஃபார்மட் போதுமா என்றால், எந்த ஃபார்மட் என்பதைப் பொறுத்தது. 'குவிக் ஃபார்மட்' பதிவேட்டை மட்டும் புதிதாகத் தொடங்குகிறது. உங்கள் கூலிப் பதிவு அப்படியே இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டா காலம் முதல், வட்டின் அந்தப் பகுதி முழுவதிலும் பூஜ்யத்தை எழுதுகிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் முழு ஃபார்மட்கூட இப்படி எழுதாது. பழுதான இடங்களைச் சோதிப்பதோடு நின்றுவிடும் என்பதால், எக்ஸ்பி கணினியில் ஃபார்மட் செய்து ஒதுக்கி வைத்த வட்டு ஏதாவது அலமாரியில் இருந்தால் அதையும் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் சி டிரைவை அந்த விண்டோஸாலேயே ஃபார்மட் செய்ய முடியாது. வட்டைக் கழற்றி, யுஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு, புதிய கணினியில் இணைத்துச் செய்யுங்கள். ஒரே வட்டில் சி, டி, இ என்று பகுதிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். ஒரு டெராபைட் வட்டுக்கு ஒரு சுற்று முடியவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பழைய யுஎஸ்பி 2 இணைப்பு என்றால் ஒரு முழுப் பகலே போய்விடும். ஏற்காட்டில் மழை, மூடுபனி நாட்களில் மின்சாரம் போய்ப் போய் வருவது உங்களுக்குத் தெரியாததன்று. பாதியில் நின்றுபோனால் மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே யுபிஎஸ் இருக்கும் மேசையில் வைத்துச் செய்யுங்கள்.

எஸ்எஸ்டி உள்ள கணினியில் இந்த வேலையே வேண்டாம். விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் பிட்லாக்கரை இயக்குங்கள். அப்போது 'பயன்படுத்திய இடத்தை மட்டும்' பூட்டுவதா, 'முழு டிரைவையும்' பூட்டுவதா என்று கேட்கும். விரைவாக முடியும் என்று முதலாவதைத் தேர்ந்தால், முன்பே அழித்து இன்னும் காலி இடத்தில் கிடக்கும் கோப்புகள் பூட்டப்படாமல் போய்விடும் என்பதால், முழு டிரைவையே தேர்ந்தெடுங்கள். பூட்டி முடிந்த பிறகு, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் 'ரெக்கவரி' என்பதைத் திறந்து, 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வழியாக 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸ் 10-இல் இது 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் இருக்கும். பூட்டுக்கான சாவி இல்லாமல், எஞ்சியிருக்கும் எதையும் யாரும் படிக்க முடியாது. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினியோடு சேர்த்துக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளில் 'செக்யூர் எரேஸ்' இருந்தால், அது எல்லாவற்றையும்விட நேரடியான வழி.

என் கருத்தைக் கேட்டால், பி.எஃப். விவரமும் வங்கி எண்களும் இருந்த வட்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, கணினிகளை வட்டு இல்லாமலே விற்றுவிடுங்கள். பழைய வட்டுக்கு வாங்குகிறவர் தரும் விலை மிகச் சிறியது. கூலியாட்களின் விவரம் வெளியே போனால் அதைத் திரும்பப் பெறவே முடியாது. இயங்காமல் போன வட்டை மென்பொருளால் அழிக்க முடியாது. ஹார்டு டிஸ்க் என்றால் அதன் தட்டுகள் வரை துளையிட வேண்டும். எஸ்எஸ்டி என்றால் பலகையிலுள்ள ஒவ்வொரு சில்லையும் உடைக்க வேண்டும். அதன்பிறகு அவற்றைப் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். குப்பையோடு போடக் கூடாது. இத்தனைக்கும் முன்னால், எல்லாக் கணக்குகளின் நகலையும் புதிய கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் இங்கே சொன்ன வழிகளில் அழித்ததை எந்த நிபுணராலும் மீட்டுத் தர முடியாது.

கேள்வி: அம்மாபேட்டையில் எங்கள் தறிகளுக்கு ஜக்கார்டு டிசைன் போடும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தோம். அதன் ஃபோல்டரை நேரடியாக டெலிட் செய்துவிட்டோம். இப்போது புதிய பதிப்பைப் போட்டால் 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்று சொல்லி நின்றுவிடுகிறது; பழையதை அன்இன்ஸ்டால் செய்யப் போனால் பிழை காட்டுகிறது. கணினியை ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?
– நெசவாளர், அம்மாபேட்டை

பதில்: வேண்டாம். ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது அதன் ஃபோல்டரோடு சேர்த்து, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் பதிவுகள், பின்னணியில் இயங்கும் சர்வீஸ், டாங்கிளுக்கான (உரிமத்தைக் காட்ட யுஎஸ்பியில் செருகும் சிறு கருவி) டிரைவர், குறித்த நேரத்தில் ஓடும் டாஸ்க் என்று பலவும் உள்ளே வருகின்றன. இவற்றைத் திருப்பி எடுக்கத் தெரிந்த ஒரே நிரல், அந்த ஃபோல்டருக்குள் இருந்த அன்இன்ஸ்டாலர்தான். அது போய்விட்டதால் மற்றவை ஆதரவற்று நிற்கின்றன.

முதலில் உங்கள் டிசைன் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தேடி, அவற்றைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மிச்சங்களைத் துடைக்கும் மும்முரத்தில் பல வருட டிசைன்களையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடாது. அடுத்து, தவறு நேர்ந்தால் கணினியின் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட்டை உருவாக்குங்கள். இனி எளிதான வழியிலிருந்து தொடங்கலாம்: பழைய பதிப்பின் சிடியோ இன்ஸ்டாலரோ கையில் இருந்தால், அதே பதிப்பை அதே இடத்தில் மறுபடி நிறுவி, பிறகு முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். காணாமல்போன அன்இன்ஸ்டாலர் திரும்ப வந்து, தான் வைத்த எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு போகும். பெரும்பாலான கணினிகளில் இத்துடனேயே வேலை முடிந்துவிடும். அது பயன்படாவிட்டால், நிறுவுதல், நீக்குதல் சிக்கல்களுக்காகவே மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'ப்ரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர்' என்ற கருவியைப் பதிவிறக்கி ஓட்டுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் ரிஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டியதுதான். 'ரெஜ்எடிட்'டைத் திறந்து, இடப்பக்கத்தில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று ஒன்றன்பின் ஒன்றாக விரியுங்கள். அதற்குள் சில ஃபோல்டர்கள் மென்பொருளின் பெயரோடும், சில அடைப்புக் குறிக்குள் நீண்ட எண்ணும் எழுத்துமாகவும் இருக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு, வலப்பக்கத்தில் 'டிஸ்ப்ளே நேம்' என்ற வரியைப் பாருங்கள். உங்கள் மென்பொருளின் பெயர் அங்கே வந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. பழைய 32 பிட் மென்பொருள் என்றால், சாஃப்ட்வேருக்குக் கீழே 'வாவ்6432நோட்' என்ற பகுதிக்குள் இதே வரிசையில் தேட வேண்டும். கண்டுபிடித்ததும், அந்த ஒரு ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' மூலம் நகல் எடுத்த பிறகே அழியுங்கள். தவறு நேர்ந்தாலும், அந்த நகலை இரட்டைக் கிளிக் செய்தால் பழைய நிலை திரும்பிவிடும்.

ஃபோல்டர்களின் மிச்சம் ப்ரோகிராம் ஃபைல்ஸில் மட்டும் இருப்பதில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி வரும் பெட்டியில், இருபுறமும் சதவீதக் குறியிட்டு 'ஆப்டேட்டா', 'லோக்கல்ஆப்டேட்டா', 'ப்ரோகிராம்டேட்டா' என்று ஒவ்வொரு முறைக்கு ஒன்றாகக் கொடுத்தால், மறைந்திருக்கும் மூன்று இடங்களும் திறக்கும். அங்கே அந்த நிறுவனத்தின் பெயரிலுள்ள ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். 'காமன் ஃபைல்ஸ்' ஃபோல்டரையும், பட்டியலில் வரிசையாக வரும் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்'களையும் தொடக் கூடாது. மற்ற மென்பொருள்களும் அவற்றை நம்பியே ஓடுகின்றன. கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

இதைக் கையால் செய்யத் தயங்குபவர்களுக்கு 'ரெவோ அன்இன்ஸ்டாலர்', 'பல்க் க்ராப் அன்இன்ஸ்டாலர்' போன்ற கருவிகள் உதவும். பட்டியலிலிருந்து மென்பொருளை நீக்கிய பிறகு, மிச்சமிருப்பதாக அவை காட்டும் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தே டிக் செய்ய வேண்டும். அடுத்த முறை, டாங்கிளோ லைசென்ஸோ உள்ள மென்பொருளை நீக்கும் முன், அதற்குள்ளேயே லைசென்ஸை விடுவிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால், புதிய பதிப்பை நிறுவிய பிறகும் நிறுவனத்துக்குப் போன் செய்து காத்திருக்க நேரிடும்.

கேள்வி: சி டிரைவில் இடம் நிறைந்து சிவப்பாகிவிட்டது. வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை அழிக்கலாமா? ரிஜிஸ்ட்ரி கிளீனர் போட்டால் கணினி வேகமாகும் என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். வின்எஸ்எக்ஸ்எஸ் விண்டோஸின் சொந்தப் பாகங்கள் இருக்கும் இடம். அதிலுள்ள கோப்புகள் பல, மற்ற ஃபோல்டர்களிலும் இருப்பதாகக் கணக்கில் வருவதால், அதன் அளவும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 'டிஸ்க் கிளீனப்'பைத் திறந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதை அழுத்தினால், தேவையற்றவற்றை விண்டோஸே பார்த்து நீக்கும். புதிய பதிப்புக்கு மாறிய பிறகு வரும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரையும் அங்கேயே நீக்கலாம். நீக்காவிட்டாலும் அது 10 நாட்களில் தானாகப் போய்விடும். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரி வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிக் செய்துவிடாதீர்கள்.

ரிஜிஸ்ட்ரியில் பழைய பதிவுகள் ஆயிரம் கிடந்தாலும், அவை அடைக்கும் இடம் ஒரு கைப்பேசிப் படத்தின் அளவுகூட இராது. அவற்றை எடுப்பதால் வேகமும் கூடாது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதும் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017-இல் விஷமிகள் தீம்பொருளை நுழைத்து, அது அதிகாரபூர்வப் பதிவிறக்கத்தின் வழியாகவே பரவியது. கணினி முழுவதையும் அலசும் உரிமையை ஒரு கருவிக்குக் கொடுக்கும் முன் அதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு கோப்பை அழிக்கப் போனால் 'வேறொரு நிரலில் திறந்திருக்கிறது' என்று வருகிறது. எந்த நிரல் என்று சொல்வதில்லை.
– வாசகர், ஆத்தூர்

பதில்: 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற பெட்டியில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலின் பெயர் வரும். அதை மூடிவிட்டு அழியுங்கள். அப்போதும் மறுத்தால், அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினியை இயக்கி அழிக்கலாம். அழித்த கோப்பு, ரீஸ்டார்ட் செய்ததும் அதே பெயரில் திரும்ப வந்தால் அது வைரஸாக இருக்கக்கூடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் தொடங்கும் முன்பே அது சோதனை செய்யும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அதை ஓட்டுங்கள்.